நாச்சம்மாளின் இடுப்பு

மைசூர்ப் பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்த நாச்சம்மாளுக்குக் கொடி, காங்கிரஸ், பொறுப்பாட்சி எதுவும் பிடிபடாது. யாராவது வாயைக் கிளறினால், "நான் மகாராசா குடியே இல்லீங்க. கொள்ளேகாலத்துக்காரி. எங்க ராசா மதராசுல இருக்கறாரு" என்று நழுவிவிடுவாள். மதராசில் ராஜா ஏது, கவர்னர்தான் இருக்கிறார் என்று திருத்தினால், "யாரோ ஒருத்தரு" என்பாள். கொள்ளேகால் அப்போது மதராஸ் மாகாணத்தில் இருந்தது. அவள் சொன்னதில் பாதியாவது சரிதான்.

அவளுக்குப் பிடிபட்டது உடம்பு. புருஷன் போன பிறகு மைசூருக்கு வந்து, இத்தனை வருஷமாக அவள் செய்த வேலை தூக்குவதுதான். பிள்ளை பெற்றவளை மேஜையிலிருந்து கட்டிலுக்கு, கட்டிலிலிருந்து குளியலறைக்கு. வலியெடுத்தவள் பயத்தில் விறைத்துக்கொண்டு கிடந்தால் தோளுக்கடியில் கையைக் கொடுத்து, "இறுக்காத அம்மிணி, ஒடம்பத் தளர உடு. நான் புடிச்சிருக்கறேன்" என்பாள். டாக்டரம்மா அதட்டியும் கேட்காத உடம்புகள் இந்தச் சொல்லுக்கு இளகின. கூட வேலை பார்த்த தேவம்மா அவளைக் கேலி செய்வாள்: "ஊரையே தளர உடச் சொல்றயே அக்கா, நீ ஒரு நாளாச்சும் தளர உட்டிருக்கியா?"

விட்டதில்லை. விட்டால் யார் பிடிப்பார்கள்?

சமஸ்தானத்தில் கொடி ஏற்றத் தடை போட்டிருந்த வருஷம் அது. அக்ரஹாரத்துப் பெண்கள் சிலர் டவுன் ஹாலுக்கு முன்னால் கொடியோடு வந்து நிற்பார்கள். கைது என்றதும் அடிக்கமாட்டார்கள், திட்டமாட்டார்கள், ஓடமாட்டார்கள். அப்படியே படுத்துவிடுவார்கள். முதல் தடவை ஒரு கான்ஸ்டபிள் ஒருத்தியின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். பார்த்துக்கொண்டிருந்த தெரு முழுவதும் கொதித்துப்போய்விட்டது. குடும்பப் பெண்ணை ஆண்பிள்ளை தொடுவதா! அன்றோடு போலீஸ்காரர்களுக்குப் புத்தி வந்தது. பெண்களைத் தூக்கப் பெண்கள் வேண்டும், நல்ல திடமானவர்களாக இரண்டு பேர் அனுப்புங்கள் என்று ஆஸ்பத்திரிக்கு ஆள் விட்டார்கள். நாச்சம்மாளும் தேவம்மாவும் போலீஸ் லாரியில் ஏறியது அப்படித்தான்.

முதல் நாள் நாச்சம்மாள் செய்த காரியத்தை டவுன் ஹால் பக்கம் ரொம்ப நாள் சொல்லிச் சிரித்தார்கள். வாசலில் ஒரு பெண் கண்ணை மூடிக் கிடந்தாள். கையைத் தூக்கினால் தொப்பென்று விழுந்தது. நாச்சம்மாளுக்கு இப்படிக் கிடக்கிற உடம்புக்கு ஒரே அர்த்தம்தான் தெரியும். "ஐயோ, மயக்கம் போட்டுட்டாங்க!" என்று கத்தி, பக்கத்துக் கடையில் செம்புத் தண்ணீர் வாங்கி முகத்தில் அடித்தாள். போதாதென்று வெங்காயத்தை நசுக்கி மூக்கில் வைத்தாள். அந்தப் பெண் தும்மிவிட்டு ஒரு கண்ணைத் திறந்தாள்.

"எனக்கு ஒண்ணும் இல்லை. நான் பாட்டுக்கு இங்கேயே கிடக்கறேன். விட்டுடுங்கோ" என்றாள் தமிழில்.

"ஒண்ணும் இல்லீன்னா எந்திரிச்சு நடங்க."

"மாட்டேன்."

கூட்டம் சிரித்தது, கான்ஸ்டபிள்களும் சிரித்தார்கள். நாச்சம்மாளுக்குக் கோபமும் வெட்கமும் பொத்துக்கொண்டு வந்தன. ஆனாலும் வேலை வேலைதான். தூக்குவதற்கு முன்னால் அந்தப் பெண்ணின் சேலைக் கரையைக் கணுக்காலைச் சுற்றி இழுத்து இறுகச் சொருகினாள். முந்தானையைத் தோளோடு போர்த்தினாள். பிரசவ மேஜையிலிருந்து தூக்கும்போது செய்கிற வழக்கம், கை தானாகச் செய்தது. பிறகு அவள் தலைப்பக்கமும் தேவம்மா கால்பக்கமுமாகப் பிடித்துத் தூக்கி லாரியில் ஏற்றினார்கள்.

அந்தப் பெண் திரிபுரசுந்தரி, அக்ரஹாரத்தில் ஒரு சர்க்கார் குமாஸ்தாவின் மனைவி. சாயங்காலம் வரை போலீஸ் தாணாவில் உட்கார வைத்து எச்சரித்து அனுப்பினால், அடுத்த வாரமே மறுபடியும் வந்து படுத்துவிடுவாள். தூக்கித் தூக்கி இரண்டு பேருக்கும் பழக்கம் உண்டாகிவிட்டது. ஒரு நாள் லாரியில் நாச்சம்மாள் கேட்டாள்: "சும்மா சொல்லக் கூடாதுங்க, இத்தன நல்லாத் தளர உட ஆருக்கும் வராது. எங்க பழகுனீங்க?"

திரிபுரசுந்தரி சிரித்தாள். "உங்ககிட்டதான். என் மூத்தவன் பொறந்தப்போ மரக்கட்டையாட்டம் கிடந்தேன். நீங்கதான் வந்து தோளைப் பிடிச்சிண்டு சொன்னேள். மறந்துட்டேளா?"

நாச்சம்மாளுக்கு நினைவில்லை. எத்தனை தோள்கள்! ஆனால் அன்று முழுக்க அவளுக்கு ஏனோ மனசு நிறைந்திருந்தது.

ஐப்பசி மழையில் டவுன் ஹால் படிகள் பாசி பிடித்திருந்த ஒரு நாள், திரிபுரசுந்தரியைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது நாச்சம்மாளின் கால் வழுக்கியது. கையை விட்டிருந்தால் அவள் தப்பியிருப்பாள், திரிபுரசுந்தரியின் மண்டை கல்லில் மோதியிருக்கும். அவள் விடவில்லை. உடம்பை முறுக்கிச் சமாளித்தாள். இடுப்பில் ஏதோ நறுக்கென்றது. லாரியில் ஏற்றி முடித்த பிறகு அவளால் நிமிர முடியவில்லை. முகம் வெளுத்துவிட்டது.

திரிபுரசுந்தரி அதைப் பார்த்துவிட்டாள். எழுந்து உட்கார்ந்தாள். "என்னால வந்தது. அடுத்த தடவை நான் நடந்தே வந்துடறேன், நாச்சம்மா."

"நடந்தா உங்க காரியம் கெட்டுப் போகாதுங்களா?"

திரிபுரசுந்தரி தலையைக் குனிந்துகொண்டாள். "கெட்டுத்தான் போகும்" என்றாள்.

"அப்பக் கெடங்க" என்றாள் நாச்சம்மாள்.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. இடுப்போ அதற்குப் பிறகு அவளுடையதாகவே இல்லை. குனிந்தால் உயிர் போயிற்று. ஆஸ்பத்திரியில் வலியைக் காட்டிக்கொள்ளாமல் பல்லைக் கடித்தாள், தேவம்மாதான் அவள் பங்கையும் சேர்த்துத் தூக்கினாள். தூக்க முடியாத ஆயாவை மேட்ரன் வைத்துக்கொள்ளமாட்டாள். வேலை போனால் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் கொடுத்திருந்த அறையும் போகும். பிறகு கொள்ளேகாலில் தம்பி வீடுதான். தம்பி பெண்டாட்டி ஒவ்வொரு உருண்டைக்கும் முகத்தைப் பார்த்துப் போடுகிற களியை நினைத்தாலே நாச்சம்மாளுக்குப் பசியே போய்விடும். ஆஸ்பத்திரியில் துணி அறை வேலை ஒன்று காலியாக இருந்தது. உட்கார்ந்து வெள்ளைத் துணி மடித்து அடுக்குகிற வேலை, நிரந்தர வேலை. வேண்டாத தெய்வமில்லை, சாமுண்டி மலைக்கும் வேண்டிக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில்தான் இன்ஸ்பெக்டர் ஸ்ரீகண்டன் அவளையும் தேவம்மாவையும் தாணாவுக்குக் கூப்பிட்டனுப்பினார். கெட்ட மனுஷர் இல்லை. தாத்தா காலத்தில் தஞ்சாவூர்ப் பக்கமிருந்து சர்க்கார் வேலைக்கு வந்த குடும்பம். இதே மாதிரி படுத்த ஆண்களைத் தூக்கித் தூக்கி அவருடைய கான்ஸ்டபிள் ஒருவன் குடல் இறங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தான், அந்த ஆற்றாமை அவருக்கு உண்டு. தேவம்மாவை வெளியே நிறுத்திவிட்டு நாச்சம்மாளை முதலில் கூப்பிட்டார். அவள் மெதுவாகச் சுவரைப் பிடித்துத் தரையில் உட்கார்ந்தாள்.

"ஒரு சட்டம் வரப்போறது, நாச்சம்மா. கைது பண்ணினப்புறம் நடக்காம உடம்பைத் தளரவிட்டுண்டு படுத்தா, அதுவே தனிக் குத்தம். ஆறு மாசம் உள்ளே. இதுவரைக்கும் என்ன பண்றா? சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் காப்பி குடிக்கறா. இனிமே அது நடக்காது."

நாச்சம்மாளுக்கு வியப்பாக இருந்தது. "தளர உடறதுக்கா சாமி செயிலு?"

"அடிக்கறவனைத் தடுக்கலாம். ஒண்ணுமே பண்ணாதவனை என்ன பண்றது? ஆனா மேலே கேக்கறா, ஒண்ணுமே பண்ணாதவாளால யாருக்கு என்ன நஷ்டம்னு. அதுக்குத்தான் உன்னைக் கூப்பிட்டேன். உன் இடுப்பு போயிடுத்துன்னு தெரியும். அந்தப் பொம்மனாட்டிகளாலதான் போச்சுன்னு எழுதிவச்சிருக்கேன். ரேகை வச்சுடு. சர்க்கார் காரியத்துல அடிபட்டவள்னு நானே ஆஸ்பத்திரிக்குச் சொல்றேன். அந்தத் துணி அறை வேலை உனக்குத்தான்."

வேண்டிக்கொண்ட தெய்வம் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்கிறது! ரேகை வைத்தால் அறை, வேலை, வலியில்லாத நாட்கள். அவர் எழுதியதில் பொய்யும் இல்லை. அந்தப் பாசிப்படியில், அந்த அம்மாளைத் தூக்கும்போதுதானே நறுக்கென்றது?

அவள் யோசித்தாள். ஸ்ரீகண்டனும் அவசரப்படுத்தவில்லை. ஆறு மாசம் என்றால் அக்ரஹாரத்தில் திரிபுரசுந்தரியின் குழந்தைகள் யார் கையில் சாப்பிடும் என்று ஒரு பக்கம் ஓடியது. அதைவிட இன்னொன்று உறுத்தியது. முதல் நாள் வெங்காயம் வைத்தபோது அந்த அம்மாள் என்ன சொன்னாள்?

"எழுதுனது சரிதானுங்க. ஆனாக்க, அந்தம்மா என்னையத் தூக்கச் சொல்லலீங்களே" என்றாள்.

"என்ன?"

"இங்கயே கெடக்கறேன், உட்டுடுங்கன்னுதான் சொல்லுச்சு. தூக்குன்னு சொன்னது நீங்க. என்ற இடுப்பு போனது அந்தம்மா கெடந்ததாலன்னு எழுதறீங்க. நீங்க தூக்கச் சொன்னதாலன்னு எழுதுனா ரேகை வெக்கறேனுங்க."

அவள் எதிர்த்துப் பேசவில்லை. அவளுக்கு அப்படித்தான் பட்டது, பட்டதைச் சொன்னாள். ஸ்ரீகண்டனின் முகம் சிவந்தது. அந்தக் காகிதத்தை மேஜையில் கவிழ்த்தார். "சரி, எழுந்து போ. துணி மடிக்க வேற ஆள் பார்த்துப்பா."

நாச்சம்மாள் கையை ஊன்றினாள். எழுந்திருக்கப் பார்த்தாள். இடுப்பு பிடித்துக்கொண்டது. மறுபடியும் ஊன்றினாள், வேர்வை கொட்டியது, உடம்பு அசையவில்லை. பக்கவாட்டில் சரிந்தாள். கான்ஸ்டபிள் ஒருவன் எட்டிப் பார்த்து, "ஏளம்மா, ஏளு" என்று கன்னடத்தில் எழுந்திருக்கச் சொல்லி அதட்டினான். ஸ்ரீகண்டன் எழுந்து வந்து அவளை உற்றுப் பார்த்தார். எத்தனை பெண்கள் இப்படிக் கிடந்து பார்த்திருக்கிறார்! இருந்தும் இது வலியா, பிடிவாதமா என்று அவரால் சொல்ல முடியவில்லை.

"முடியலையா, மாட்டேங்கறியா? ரெண்டுல ஒண்ணைச் சொல்லு."

முடியலீங்க என்ற சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. நாச்சம்மாள் அதை அங்கேயே நிறுத்தினாள். முடியலை என்றால் அவர் கவிழ்த்த காகிதத்தைத் திருப்பிவிடுவார். இதோ பாருங்கள், ஒடிந்துபோன ஆயா என்று அவள் உடம்பையே சாட்சியாக்கிவிடுவார். துணி அறையும் கிடைத்துவிடும். மாட்டேன் என்றால் எதுவும் கிடைக்காது. களிதான் கிடைக்கும்.

பயம்தான். தம்பி பெண்டாட்டியின் முகம் கண்முன்னால் வந்தது. அழுகையும் வந்தது.

"மாட்டேனுங்க சாமி" என்றாள்.

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு, இத்தனை காலம் பிறருக்குச் சொன்னதைத் தானே செய்தாள். கழுத்தை விட்டாள், தோளை விட்டாள், ஊன்றியிருந்த கையையும் விட்டாள். ஸ்ரீகண்டன் "வெளியே கொண்டுபோய் விடுங்கோ" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்.

தேவம்மா ஓடிவந்தாள், தாணா பெருக்குகிற மல்லம்மாவும் கூட வந்தாள். தேவம்மா தலைப்பக்கம் குந்திக் காதோரம் குனிந்தாள். "அக்கா, நெசமாலுமே முடியலீயா?"

பதிலுக்குக் காத்திராமல் அவளுடைய அக்குளில் கையைக் கொடுத்து ஒரு தடவை தூக்கிப் பார்த்தவள், மூச்சு வாங்கியபடி அழுகையும் சிரிப்புமாகச் சொன்னாள்: "என்னா கனம் கனக்கற அக்கா!"

"கனக்கட்டும் புள்ள" என்றாள் நாச்சம்மாள், கண்ணைத் திறக்காமலே. "மொதல்ல சீலையச் சொருகு."