பாலைமரத்தடியில் ஒரு ஃபிளைவீல்

ஊர்க் கோயிலில் கொடியேறிவிட்டால் எங்கள் குடியேற்றக் கொலனி காலியாகிவிடும். சிறுபோக நெல் வெட்டு முடிந்த கையோடு எல்லோரும் சட்டிபானையைக் கவிழ்த்து வைத்துவிட்டு யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறிவிடுவார்கள். குளத்துத் தண்ணீரையும் அரசாங்கக் காணியையும் நம்பி வன்னிக்கு வந்து எத்தனையோ போகம் விதைத்தாயிற்று. சாமி மட்டும் இன்னும் ஊரிலேயே இருந்தது. தேரும் தீர்த்தமும் முடிந்து அவர்கள் திரும்பும்வரை இங்கே குரங்கும் மயிலும்தான் குடியிருக்கும். அந்த வருடம் அவற்றோடு நானும் இருந்தேன்.

போக மனமில்லாமல் இல்லை. என் மனைவி தலைப்பிள்ளைப் பேற்றுக்குத் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். பெண்குழந்தை, இருவரும் சுகம் என்று தந்தியும் வந்துவிட்டது. முப்பத்தொன்றாம் நாள் பேற்றுத் துடக்குக் கழிந்ததும் நான் போய்க் கூட்டிவர வேண்டும். ஆனால் அவள் புறப்படும்போதே ஒன்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். வாசலில் ஒரு வாகனம் நின்றால்தான் பிள்ளையோடு இந்தக் காட்டுக்கு வருவாளாம். அவள் அதைப் பெருமைக்குக் கேட்கவில்லை. முந்திய மாரியில் பக்கத்துக் காணிக்காரரின் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டு, கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்கு மாட்டுவண்டியில் கொண்டுபோகும் வழியிலேயே பிள்ளையின் உயிர் போய்விட்டது. திரும்பி வந்த வண்டியிலிருந்து அந்தத் தாயைத் தாங்கி இறக்கியவள் என் மனைவிதான். அதன் பிறகு அவளுக்கு இந்த மண்ணில் சரியான நித்திரை இல்லை.

ஆகவே நான் ஒரு கார் வாங்கினேன். வவுனியாவில் ஓய்வுபெற்ற அப்போதிக்கரி டொக்டர் ஒருவர் வைத்திருந்த, உலக யுத்தத்துக்கு முந்திய குட்டிக் கார். சமதரையில் மகாராசா மாதிரி ஓடும். குளக்கட்டில் ஏறச் சொன்னால் எஞ்சின் கத்தும், கார் நகராது. கிளச் தேய்ந்துபோயிருந்தது. இளவயதில் லொறியில் கிளீனராக நின்றவன் என்ற தலைக்கனம் எனக்கு இருந்ததால் யாரிடமும் கேட்கவில்லை. பிள்ளையைப் பார்ப்பதற்கென்று முதலில் ஒருமுறை பஸ்ஸில் போவானேன், ஒரேயடியாகக் காரோடு போய் மாமி வீட்டு வாசலில் ஹோர்ன் அடிப்போம் என்று திட்டம் போட்டேன். எங்கள் ஆட்களுக்கு மாமனார் வீட்டு வாசலில் எப்படிப் போய் இறங்குகிறோம் என்பது உயிரைவிடப் பெரிய காரியம்.

ஊருக்குப் போகிற அவசரத்திலும் அயலவர்கள் நாலு பேர் கைகொடுத்து, எஞ்சினைத் தூக்கிப் பாலைமரத்தின் கீழ் இரண்டு மரக்குற்றிகளின்மேல் வைத்துவிட்டுப் போனார்கள். எஞ்சினின் பின்பக்கம் கனத்த வட்ட இரும்புச் சில்லு ஒன்று இருக்கிறது. அதுதான் ஃபிளைவீல். அந்தக் காரில் கிளச் அதற்குள்ளேதான் குந்தியிருக்கிறது. சில்லு வந்தால் மிச்சம் ஒரு நாள் வேலை.

சில்லு வரவில்லை.

நுனி கூம்பிய தண்டு ஒன்றின்மேல் சில்லை ஏற்றி, பெரிய நட் ஒன்றால் இறுக்கியிருந்தார்கள். நட்டை அலவாங்கு கொடுத்துத் திருப்பி இளக்கியாயிற்று. அது இளகியும் சில்லு அசையவில்லை. எத்தனை வருட இறுக்கமோ, தண்டும் சில்லும் ஓரிரும்பாகிவிட்டிருந்தன. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்தேன். தேங்காய் நெய்யும் ஊற்றினேன். பலகை வைத்துத் தட்டினேன். சைக்கிளில் மல்லாவிக்குப் போய், கொல்லரிடம் ஒரு தட்டை இரும்புப் பட்டத்தில் துளையிடுவித்து, நடுவில் புரி வெட்டிய தடித்த ஆணி போடுவித்துக் கொண்டுவந்தேன். பட்டத்தைச் சில்லோடு பூட்டி நடு ஆணியை முறுக்கினால் அது தண்டைத் தள்ளும், சில்லு வெளியே வரும். முறுக்கினேன். பட்டம் வளைந்தது. மறுபடி மல்லாவி. இரட்டைத் தடிப்பில் இன்னொரு பட்டம். அது வளையவில்லை. சில்லும் வரவில்லை.

காலையில் எழும்பியதும் அதைத்தான் போய்ப் பார்ப்பேன். முதலில் அதை அதட்டினேன். பிறகு மூதேவி என்று ஏசினேன். பிறகு கதைக்கத் தொடங்கிவிட்டேன். இன்றைக்குச் சோற்றுக்குக் கருவாடு இல்லை, ஆட்கள் இல்லாத கொலனிக்கு மீன்காரன் ஏன் வருவான் என்பதுபோல ஊர்ப்பட்ட கதை. சோளகக் காற்று வெட்டின வயலில் வைக்கோலைக் கிளப்பிக்கொண்டு போகும். வாய்க்காலில் குளித்துவிட்டு வந்தால் அடுப்பு நான் விட்டுப்போன மாதிரியே அணைந்து கிடக்கும். அங்கே ஊரில் எல்லோரும் சாமியைத் தோளில் காவும் நேரத்தில் நான் இங்கே ஓர் இரும்பைக் கெஞ்சிக்கொண்டிருக்கிறேனே என்று நினைப்பேன். தனிமை இவ்வளவு தூரம் ஆளைத் தின்னும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

முப்பத்தொன்றுக்கு முதல்நாள் பக்கத்துக் காணிக்காரர் மாடு கன்றுகளைப் பார்க்கவென்று திருவிழாவின் நடுவில் வந்தார். பிள்ளையை இழந்தவர் அவர்தான். வந்தவர் எஞ்சினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஊரில் என்ன கதை என்று நான்தான் கேட்டேன். சொல்லத் தயங்கித்தான் சொன்னார். பெட்டைப்பிள்ளை பிறந்ததென்று நான் எட்டியும் பார்க்கவில்லையாம். கோயில் வீதியில் அதுதான் கதையாம். என் மாமி வெளியே தலைகாட்டுவதில்லையாம்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பெண் என்றதும் நான் எவ்வளவு சந்தோசப்பட்டேன் என்று இந்தச் சில்லுக்கு மட்டுமல்லவா தெரியும். கார் இல்லாமல் என்னவென்று போவது, அவள் கேட்டது வாகனமல்லவா என்று அவர்மேல் பாய்ந்தேன்.

"அண்ணை, இருக்கிற பிள்ளையைப் போய்ப் பாருங்கோ," என்றார். "கார் பிறகு ஓடும்."

அவர் வாயிலிருந்து அது வந்தபிறகு போவதென்று முடிவெடுத்தேன். மறுநாள் விடிந்ததும் பட்டத்தின் ஆணியைக் கடைசித் தடவையாக, ஸ்பனரில் ஒரு குழாயைச் செருகி, கண் இருளுமட்டும் இறுக்கினேன். சுத்தியலால் ஒரு போடும் போட்டேன். அசையவில்லை. அப்படியே இறுக்கத்தோடு விட்டுவிட்டு, சாம்பலும் தேசிக்காய்ப் புளியும் போட்டுக் கையைத் தேய்த்தேன். ரேகைகளுக்குள் புகுந்த கறுப்புப் போகவில்லை. வேட்டியை மாற்றிக்கொண்டு சந்திக்கு நடந்து பஸ் பிடித்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது துடக்குக் கழிவு முடிந்து, ஐயரும் போய்விட்டிருந்தார். மாமி "வாங்கோ தம்பி" என்று சொல்லிக் கதிரையைக் காட்டினா. அவ்வளவுதான். நான் இருக்கவில்லை, அறைக்குள் போனேன். மனைவி பிள்ளையை மடியில் வைத்திருந்தாள். சந்தனம் பூசிய மொட்டைத் தலை, கன்னத்தில் கறுத்தப் பொட்டு. அவள் நிமிர்ந்து பார்க்காமலே கேட்டாள்.

"பெட்டையெண்டோ வராமல் விட்டனீங்கள்?"

எவ்வளவோ சொல்லலாம். பஸ்ஸில் வரும்போது என்னென்னவோ யோசித்தும் வைத்திருந்தேன். என் வாயில் வந்தது இதுதான்:

"ஃபிளைவீல் கழலுதில்லை."

அந்த வீட்டில் ஒருவருக்கும் ஃபிளைவீல் என்றால் என்னவென்று தெரியாது. வாசல் நிலையில் நின்ற மாமி, அது யாருக்கு வந்த நோய் என்பதுபோலப் பார்த்தா. மனைவி என் முகத்தைப் பார்த்தாள், மெலிந்த தோளைப் பார்த்தாள், பிறகு கைகளில் படிந்த கறுப்பை நெடுநேரம் பார்த்தாள். அப்புறம் பிள்ளையைத் தூக்கி நீட்டினாள். நான் வாங்கிய விதத்தில் அவளே பதறிப்போனாள்.

"தலைக்குக் கீழை கையைக் குடுங்கோ. இரும்பு தூக்கித்தானே உங்களுக்குப் பழக்கம்."

கையைக் கொடுத்தேன். அந்தச் சின்னத் தலையின் பாரம் உள்ளங்கையில் வந்து இருந்தது. நான் அழுதேன். மாமி உள்ளே போய்விட்டா.

இரண்டு நாள் நின்றேன். புறப்படும்போது, என்னோடு இப்போதே வரக்கேட்டால் என்ன என்று மனம் அடித்துக்கொண்டது. நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள்.

"கோவமில்லை. எனக்குப் பயம். காரைக் கொண்டுவாங்கோ, வாறன்."

மத்தியான வெயிலில் கொலனிக்குத் திரும்பினேன். பக்கத்துக் காணிக்காரரும் மீண்டும் ஊருக்குப் போய்விட்டிருந்தார். சாப்பாட்டுப் பார்சலைக்கூட வைக்காமல் நேரே பாலைமரத்தடிக்குப் போனேன். நான் விட்டுப்போன மாதிரியேதான் எல்லாம் இருந்தது. ஆணியை இன்னும் ஒரு சுற்று முறுக்கலாம் என்று ஸ்பனரை வைத்தால், அது லொடலொடவென்று சுழன்றது. பட்டம் ஆடியது. சில்லில் கைவைத்தேன். சில்லும் ஆடியது.

நான் இல்லாத நேரத்தில், விட்டுப்போன இறுக்கத்திலேயே அது தானாகக் கழன்றிருக்கிறது. வெடி போட்டமாதிரிச் சத்தம் வந்திருக்கும். கேட்க ஒருவரும் இருந்திருக்கவில்லை.

"கழண்டிட்டுது," என்று உரக்கச் சொன்னேன். கிளையிலிருந்த குரங்கு ஒன்று அடுத்த மரத்துக்குத் தாவியது. பிறகு ஒரு சத்தமும் இல்லை.

கார் ஓடியது, குளக்கட்டில் ஏறியது, அவர்களும் வந்தார்கள். மகள் அந்தக் காரின் மட்காட்டைப் பிடித்துக்கொண்டுதான் நடை பழகினாள். அதெல்லாம் பிறகு நடந்தவை. அன்றைக்கு நான் நட்டைக் கழற்றிச் சில்லை வெளியே எடுத்தேன். கொஞ்சப் பாரமல்ல. கழற்றிய மற்றச் சாமான்களைப்போல அதையும் மண்ணில் எறியப் போனவன் எறியவில்லை. பாலைமரத்தில் சாய்ந்து இருந்து, அதை மடியில் வைத்திருந்தேன். வெயில் சரியும்வரை அப்படியே இருந்துவிட்டு எழும்பப் பார்த்தபோதுதான் கண்டேன். என் இடதுகை அதற்குக் கீழே, அவள் பிள்ளையின் தலைக்குக் கொடுக்கச் சொன்ன மாதிரியே இருந்தது.