பன்னிரண்டு கிழங்கு ட்ரேயும் என் நாக்கும்

1. பதினோராம் நோன்பு, மதியம் மூன்றே முக்கால்

ஆங்கிலத் தேதி என் நோட்டில் இருக்கிறது. இந்தச் சம்பவத்துக்கு நோன்புக் கணக்குதான் பொருத்தம் என்பதால் அதையே இங்கே எழுதுகிறேன். பதினோராம் நோன்பு, வியாழக்கிழமை.

ஷார்ஜா முவைலாவில் உள்ள எங்கள் சென்ட்ரல் கிச்சன் ரமலான் மதியங்களில் தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல இருக்கும். எக்ஸாஸ்ட் மட்டும் ஒரே சுருதியில் ஓடிக்கொண்டிருக்கும். நோன்பு வைத்தவர்கள் வார்த்தைகளையும் மிச்சம் பிடிப்பார்கள். கை நீட்டினால் கரண்டி வரும், கண்ணைக் காட்டினால் அடுப்புத் தணியும். பாலும் வெண்ணெயும் கலந்த ஆவி மேலே ஏறி, ஜன்னல் வழியாக விழும் வெயிலில் மெதுவாகச் சுழலும். அந்த மாதத்தில் மட்டும் எனக்கு அது வேலையிடமாகவே தோன்றாது.

அங்கே சமையல் வேலையில் இருப்பவர்கள் பத்துப் பேர். அவர்களில் நோன்பு வைக்காதவன் நான் ஒருவன்தான். அறந்தாங்கிப் பக்கத்துக்காரன், பெயர் முருகேசன். ஆகவே வருடத்தில் ஒரு மாதம் முழு கிச்சனுக்கும் நான்தான் நாக்கு. மற்றவர்கள் சமைப்பார்கள். நான் ருசி பார்த்துச் சொல்வேன்.

அதற்கு ஒரு முறை உண்டு. நோன்பாளிகள் கண்ணில் படாமல் கோல்டு ரூம் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். கிச்சன் இன்சார்ஜ் யூசுப் காக்கா மட்டும் கிண்ணத்தோடு எதிரே நிற்பார். காயல்பட்டினத்துக்காரர். அங்கே அண்ணனைக் காக்கா என்றுதான் சொல்வார்கள், நாங்களும் அப்படியே அழைத்தோம். நான் சாப்பிடுவேன், அவர் என் முகத்தைப் பார்ப்பார். உப்பு கூடவா குறையவா என்று நான் வாய் திறப்பதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடும்.

அன்று அஜ்மானில் ஒரு கிளினிக்கின் இஃப்தாருக்குப் பன்னிரண்டு கிழங்கு ட்ரே. சாம்பிளாக ஒன்றை மட்டும் ஓவனில் வைத்து பேக் செய்திருந்தோம். மற்ற பதினொன்றும் அடுக்கித் தயாராக இருந்தன. காக்கா ஒரு ஸ்பூன் எடுத்து நீட்டினார். வாயில் வைத்தேன். சூடு தெரிந்தது, மெதுமெதுப்பு தெரிந்தது. வேறொன்றும் தெரியவில்லை.

“சரியா இருக்கு காக்கா” என்றேன்.

அந்தப் பொய்யை நான் சொல்லிக்கொண்டிருந்தது அது பதினோராவது நாள்.

2. கிழங்கு ட்ரே வந்த விதம்

புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

இங்கே ஒரு ஆபீஸ் பார்ட்டி என்றால் ஒரே மேஜையில் ஏழெட்டு நாட்டு ஆட்கள் இருப்பார்கள். ஒருவருக்குக் காரம் ஆகாது, ஒருவர் சைவம், ஒருவருக்கு எங்கள் மசாலா வாசனையே பிடிக்காது. பிரியாணிக்கும் மந்தி என்ற அரபுக் கறிச்சோற்றுக்கும் நடுவே, எந்த விவாதமும் இல்லாமல் எல்லோரும் அள்ளிக்கொள்ளும் ஒரு பண்டம் வேண்டும். அதுதான் கிழங்கு ட்ரே. கிச்சனில் அதை ஆலு ட்ரே என்போம்.

உருளைக்கிழங்கை வட்டமாகச் சீவி முக்கால் வேக்காடு வேக வைக்க வேண்டும். வெண்ணெயில் மைதாவை வறுத்துப் பால் ஊற்றி வெள்ளை சாஸ் காய்ச்ச வேண்டும். வதக்கிய வெங்காயம், மிளகு. ஒரு அடுக்குக் கிழங்கு, ஒரு அடுக்கு சாஸ், ஒரு அடுக்கு சீஸ் என்று மாற்றி மாற்றி அடுக்கி, மேலே மொஸரெல்லாவும் நொறுக்கிய கார்ன்ஃப்ளேக்ஸும் தூவி ஓவனில் வைத்தால், ஓரங்களில் குமிழி விட்டுப் பொன்னிறமாக வரும். ஹாட் பாக்ஸில் ஏற்றினால் ஒரு மணி நேரப் பயணத்துக்குப் பிறகும் கரண்டியை விட்டால் நூல் இழுக்கும்.

சூட்சுமம் நடு அடுக்கில் இருக்கிறது. அங்கே நாங்கள் போடுவது அக்காவி, உப்புநீரில் டின்னில் அடைத்து வரும் வெள்ளை அரபுச் சீஸ். அப்படியே சாப்பிட முடியாத உப்பு. துண்டு போட்டு ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊற வைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி உப்பை இறக்க வேண்டும். மிச்சம் நிற்கும் உப்புதான் முழு ட்ரேக்கும் உப்பு. கிழங்கிலோ சாஸிலோ ஒரு சிட்டிகைகூடப் போட மாட்டோம். அக்காவி எவ்வளவு நேரம் ஊறியது என்பதே ட்ரேயின் ருசி.

அந்தக் கிளினிக்கின் ஆபீஸில் வேலை பார்த்த சிவமலர் என்ற யாழ்ப்பாணத்துப் பெண்தான் ஒவ்வொரு முறையும் ஆர்டர் தருவார். புதன்கிழமை மாலையும் போன் செய்தார்.

“அண்ணை, போன முறை கிழங்கைப் பற்றி இன்னும் கதைக்கினம். இந்த முறை இஃப்தார். எல்லாரும் நோன்பு பிடிச்சு, தொண்டை காஞ்சு வருவினம். அதை மட்டும் யோசிச்சுச் செய்யுங்கோ.”

கவலைப்பட வேண்டாம் என்று நானும் சொல்லி வைத்தேன்.

3. காய்ச்சலும் நோட்டும்

பிறை தெரிவதற்கு ஐந்து நாள் முன்பு எனக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று நாளில் விட்டது. நான்காம் நாள் காலை ரூமில் பால் இல்லாத சுலைமானி டீ குடித்தபோது அது வெறும் வெந்நீராக இருந்தது. சர்க்கரை போட மறந்துவிட்டேன் என்று எடுத்துப் போட்டேன். பிறகு இன்னும் போட்டேன். அப்புறம் டப்பாவைத் திறந்து சர்க்கரையை வாயில் போட்டுப் பார்த்தேன். மணலை மெல்வது போல இருந்தது.

ருசி திரும்பி வரும் என்றார் டாக்டர். எப்போது என்று கேட்டதற்குச் சொல்ல முடியாது என்றார்.

யாரிடமும் சொல்லவில்லை. எனக்குப் பெருநாள் முடிந்ததும் விசா ரினியூவல். போன வருடம் கண் மங்கிப்போன ஒரு தந்தூர்க்காரரைக் கம்பெனி விசா கேன்சல் அடித்து ஊருக்கு அனுப்பியதைப் பார்த்திருந்தேன். கண் மங்கியவருக்கே அந்தக் கதி என்றால், நாக்குச் செத்த குக்கை யார் வைத்துக்கொள்வார்கள்? அதுவும் ரமலானில், மொத்தக் கிச்சனும் அந்த ஒரு நாக்கை நம்பி நிற்கும்போது? பதினான்கு வருடம் அந்த அடுப்புகளுக்கு முன்னால் நின்றிருக்கிறேன். அதை விட்டால் எனக்கு வேறு தொழில் தெரியாது.

ஆனால் என்னிடம் நோட்டுகள் இருந்தன. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒவ்வொரு பேட்சையும் எழுதி வைக்கிற பழக்கம். கிடைத்த புத்தகங்களை எல்லாம் படிக்கிறவனுக்கு, தானும் எதையாவது எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றும் அல்லவா, அந்த வியாதிதான். கிழங்கு எத்தனை கிலோ, பால் எத்தனை லிட்டர், அக்காவி எத்தனை மணி நேரம், எத்தனை தண்ணீர், அன்று புழுக்கமா காற்றா, எல்லாம் இருக்கும். ரூம்மேட்டுகள் அதைக் கோர்ட் ரெக்கார்டு என்று கிண்டல் செய்வார்கள்.

அந்தப் பத்து நாளும் நோட்டைப் பார்த்தே சமைத்தேன். சூப்புக்கு இந்தப் பக்கம், கறிக்கு அந்தப் பக்கம். மற்றவர்கள் செய்ததையும் அவர்கள் போட்ட அளவைக் கேட்டு, நோட்டோடு மனதில் ஒப்பிட்டுத்தான் தலையாட்டினேன். ஒரு புகாரும் வரவில்லை. பழைய நான் எழுதி வைத்ததைப் புதிய நான் தூக்கத்தில் நடப்பவன்போலப் பின்தொடர்ந்தேன். சில மதியங்களில் கோல்டு ரூம் கதவுக்குப் பின்னால் நிற்கும்போது, வாயில் இருப்பது உணவா உணவைப் பற்றிய ஞாபகமா என்றுகூடத் தெரியாது. பஞ்சு மூட்டைக்குள் இருந்து உலகத்தைக் கேட்பது போல இருந்தது.

நோட்டுக்குத் தெரியாத ஒன்று அந்தப் புதன்கிழமை நடந்தது. ஸ்டோரில் புது லோடு அக்காவி வந்தது. டின்மேல் அதே பசுப் படம், அதே பச்சை எழுத்து. உள்ளே உப்புநீர் மட்டும் வேறு. நான் நோட்டில் இருந்தபடி பன்னிரண்டு மணி நேரம் ஊற வைத்து, மூன்று முறை தண்ணீர் மாற்றினேன். வேறு எந்த வருடமாக இருந்தாலும் காலையில் ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டதுமே தெரிந்திருக்கும்.

4. காக்காவின் நுனிநாக்கு

நான் சரி என்றதும் காக்கா நகரவில்லை. கிண்ணம் கையிலேயே இருந்தது.

“தம்பி, ஒண்ணு கேக்கட்டா? முன்னெல்லாம் வாயில வெச்சதும் கண்ணை மூடுவீங்க. ரெண்டு செகண்டு எங்கேயோ போயிட்டு வருவீங்க. இந்த நோன்பு தொடங்குன நாள்லேர்ந்து முழிச்சுக்கிட்டே தலையாட்டுறீங்க. என்ன சங்கதி?”

எனக்கே தெரியாத விஷயம் அது. நான் கண்ணை மூடுவேன் என்று எந்த நோட்டிலும் எழுதியதில்லை.

கோல்டு ரூமின் குளிர் முதுகில் ஏறிக்கொண்டிருந்தது. மறைத்துப் பேசலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். அவர் முகத்தில் கோபம் இருந்திருந்தால் மறைத்திருப்பேன். உதடு வெடித்து, கண் சோர்ந்து, பதினோரு நாள் பட்டினியோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நாக்கு செத்துப்போச்சு காக்கா. காய்ச்சலுக்கு அப்புறம் உப்பும் தெரியல, இனிப்பும் தெரியல. சொன்னா கேன்சல் பண்ணிருவாங்கன்னு பயந்துட்டேன்.”

அவர் இன்னொரு ஸ்பூன் எடுத்தார். கிழங்கின் ஓரத்தை நுனிநாக்கில் தொட்டார். உடனே சிங்க்கில் துப்பி, வாயைக் கொப்பளித்து, மறுபடி கொப்பளித்தார். நான் பதறிப்போனேன். உங்கள் நோன்பு என்று ஏதோ உளறினேன்.

“முழுங்கலைன்னா முறியாது. சமைக்கிறவனுக்குத் தேவைன்னு வந்தா அனுமதி இருக்கு. இத்தனை வருஷமா நான் இதைச் செய்யாம இருந்தது உங்க நாக்கு இருக்குங்கிற தைரியத்துலதான்.” வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “கடல் தண்ணி. இதை நோன்பாளி வாயில வைக்க முடியாது.”

பிறகு திரும்பி, அந்த மதியத்தில் முதல் முறையாகச் சத்தமாகச் சொன்னார். “யல்லா, எல்லாரும் இங்க வாங்க. கிழங்கு உரிங்க.”

காரணத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை. புது டின்னில் உப்புக் கூடுதல் என்று மட்டும் சொன்னார். அதுவும் உண்மைதான்.

பதினோரு ட்ரேயையும் கலைத்தோம். பேக் செய்த சாம்பிளையும் உடைத்துக் கலந்தோம். மேல் சீஸை வழித்து எடுத்தோம். உப்பில்லாமல் புதுக் கிழங்கு வேக வைத்தோம். நான் உப்பில்லாத சாஸ் காய்ச்சினேன். பழைய அடுக்குக்கு இடையில் புது அடுக்கைச் செருகினோம். பன்னிரண்டு ட்ரே பதினெட்டு ஆயிற்று. காக்கா இரண்டாம் தடவை நுனிநாக்கில் தொட்டுத் துப்பினார். இந்த முறை தம்ளரில் தண்ணீரை நான் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“இப்ப மனுஷன் சாப்பிடலாம்” என்றார்.

பன்னிரண்டை மட்டும் முதலில் ஓவனில் ஏற்றினோம். ஐந்தேகாலுக்கு வேன் புறப்பட்டது. டிரைவர் பெஷாவர்க்காரர், அவரும் நோன்பு, ஜல்தி ஜல்தி என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். வழக்கமாக டெலிவரிக்கு நான் போவதில்லை. அன்று ஏறிக்கொண்டேன்.

5. அஜ்மான்

அன்று லேசான தூசிக்காற்று. சூரியன் கண் கூசாமல் பார்க்கும்படி, ஒரு தட்டுபோல வேனுக்கு இடது பக்கம் கூடவே வந்தது. கட்டடங்கள் எல்லாம் பால் கலந்த நிறத்தில் இருந்தன. பின்னால் ஹாட் பாக்ஸ்கள் ஒன்றோடொன்று மெல்ல இடித்துக்கொண்டன. சிக்னலில் ஒருவர் கார்களுக்குள் பேரீச்சம்பழப் பொட்டலங்களைக் கொடுத்துக்கொண்டு போனார். டிரைவர் வாங்கி டேஷ்போர்டில் வைத்துவிட்டு அதைப் பார்க்காமல் ஓட்டினார்.

கிளினிக் ஹாலில் ட்ரேக்களை வரிசையாக வைத்து மூடி திறந்தோம். பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழம், தண்ணீர், சூப். அதற்குப் பிறகுதான் தட்டுகள் வந்தன. நான் சுவரோரமாக நின்று ஒவ்வொரு முகத்தையும் பார்த்தேன். காக்கா என் முகத்தை ஏன் அப்படிப் பார்ப்பார் என்று அப்போதுதான் புரிந்தது. ஒரு எகிப்திய நர்ஸ் முதல் வாய் வைத்தார். மென்றார். நிறுத்தினார். அவர் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொல்லிவிட்டு இன்னும் இரண்டு கரண்டி போட்டுக்கொண்டார்.

சிவமலர் தட்டோடு என்னிடம் வந்தார்.

“என்ன அண்ணை, இண்டைக்கு நீங்களே வந்திட்டீங்கள்? உப்பு மட்டாப் போட்டிருக்கிறீங்கள். நல்ல வேலை. நீங்களும் சாப்பிடுங்கோவன்.”

ஒரு தட்டில் போட்டுக் கையில் தந்தார். சாப்பிட்டேன். எனக்கு அது சூடும் மெதுமெதுப்பும் மட்டும்தான். ஆனால் அந்தப் பதினோரு நாளில் பயமில்லாமல் விழுங்கிய முதல் கவளம் அது.

மிச்ச ஆறு ட்ரேயைக் கிச்சனில் எங்கள் ஆட்களே நோன்பு திறந்து சாப்பிட்டிருந்தார்கள். நான் திரும்பியபோது கழுவிய ட்ரேக்கள் கவிழ்ந்திருந்தன.

6. நோட்டில் ஒரு புதுக் கட்டம்

மீதி நோன்பு நாட்கள் முழுவதும் காக்காதான் நுனிநாக்கில் தொட்டுத் துப்பினார். அளவைப் பார்ப்பது நான், தம்ளரைப் பிடிப்பதும் நான். பெருநாள் முடிந்ததும் அவரே என்னை முதலாளியிடம் அழைத்துப் போய் எல்லாவற்றையும் சொன்னார். முதலாளி வெகு நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். கடைசியில், புகார் ஏதும் வந்ததா என்று கேட்டார். வரவில்லை, வரவும் விட மாட்டோம் என்றார் காக்கா. கலாஸ், முடிந்தது என்று முதலாளி என் விசா பேப்பரில் கையெழுத்துப் போட்டார்.

ருசி திரும்பியது அதற்கும் இருபது நாள் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை. அக்காவித் தண்ணீரை மாற்றிக்கொண்டிருந்தபோது விரலை அனிச்சையாக வாயில் வைத்தேன். எங்கோ தூரத்தில் ஒரு கரிப்பு. மறுபடி வைத்தேன். ஆமாம், உப்புதான். அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அன்று நோட்டில் ஒரு கட்டம் கூடுதலாகக் கோடு போட்டேன். ‘ருசி பார்த்தவர்’ என்று தலைப்பு. எப்போதும் இரண்டு பெயர் இருக்க வேண்டும் என்பது இப்போது எங்கள் கிச்சனில் விதி. என் நோட்டு நேற்றைய டின்னைத்தான் சொல்லும், இன்றைய டின்னை யாராவது வாயில் வைத்துத்தான் சொல்ல வேண்டும். உங்களுக்குத் தெரியவில்லை என்றால், ட்ரே ஓவனுக்குள் போவதற்கு முன் பக்கத்தில் நிற்பவரிடம் சொல்லிவிடுங்கள். நான் பதினோரு நாள் தாமதித்தேன்.

இந்த வருடம் முதல் நோன்பன்று கோல்டு ரூம் கதவுக்குப் பின்னால் காக்கா ஸ்பூனை நீட்டினார். கிழங்கு ட்ரேதான். வாயில் வைத்தேன். பால், மிளகு, பின்னால் மெல்ல வரும் உப்பு. கண்ணைத் திறந்தபோது காக்கா எதுவும் கேட்காமல் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்.