பொய்த் தும்மல்

போன வியாழக்கிழமை மாலை நான்கு இருபதுக்கு என் மகளின் வகுப்பாசிரியை தொலைபேசியில் அழைத்தார். மகள் மூன்றாம் வகுப்பு, சமீபத்தில்தான் கண்ணாடி போட்டிருக்கிறாள். இரண்டு பிள்ளைகள் அவளை 'சோடாபுட்டி' என்று கூப்பிட்டு விளையாட்டில் சேர்க்காமல் விட்டிருக்கிறார்கள். புதன்கிழமை அவள் அதை ஒரு துண்டுச்சீட்டில் எழுதி, வகுப்பறையில் அதற்கென்றே மாட்டியிருக்கும் பெட்டியில் போட்டிருக்கிறாள். வியாழன் காலை பெட்டியைத் திறந்து, மதியத்துக்குள் அந்தப் பிள்ளைகளிடம் பேசி, மாலையில் எனக்கும் சொல்லியாகிவிட்டது.

நன்றி சொல்லிவிட்டு நாள்குறிப்பில் எழுதினேன்: 'புகார் முதல் தீர்வு வரை ஒன்றரை நாள்.' எழுதியபின் பேனாவை மூடாமல் உட்கார்ந்திருந்தேன். ஒரு தகப்பனுக்கு வரவேண்டியது நிம்மதி. எனக்கு வந்தது பொறாமை. எட்டு வயதுப் பெண்மீது, அதுவும் பெற்ற மகள்மீது. உங்களிடம் சொல்வதற்கென்ன, நண்பர் என்று நினைத்துத்தான் சொல்கிறேன்.

அன்றிரவு அவளுடைய பள்ளிப் பையைத் தூக்கி வைத்தபோது அழிரப்பர் வாசம் வந்தது. நான் படித்தபோது என் பையில் வத்தல் நெடிதான் அடிக்கும். விருதுநகரில் அப்பாவுக்கு மிளகாய் வத்தல் மண்டியில் எடை போடும் வேலை. மண்டிக்குப் பின்கட்டில் எங்கள் வீடு. என் சட்டை காய்ந்த கொடிக்கு நேர்கீழே வத்தல் மூட்டைகள். எவ்வளவு சோப்புப் போட்டாலும் மண்டி என்னோடு பள்ளிக்கு வந்துவிடும். நான் வகுப்புக்குள் காலை வைத்ததும் முதல் வரிசையில் ஒருவன் தும்முவான். அது அப்படியே வரிசை வரிசையாகப் பின்னால் போகும். "வத்தல் வந்துட்டான்லே, மூக்கப் பொத்து!" என்று டீச்சர் காதில் விழாத குரலில் கடைசி வரிசை முடித்துவைக்கும். இரண்டாம் வகுப்பில் தொடங்கியது. நான்காம் வகுப்பிலும் ஓயவில்லை.

எஸ்தர் டீச்சர்தான் மூன்றாம் வகுப்பிலும் நான்காம் வகுப்பிலும் எங்களுக்கு. தும்மல் கேட்கும்போதெல்லாம் கரும்பலகையில் எழுதிக்கொண்டே இருப்பார். ஒருநாள் என்னை எழுப்பி, தனியாகச் சன்னலோரம் உட்காரச் சொன்னார். அதோடு தீர்ந்தது. டீச்சரும் அவர்கள் பக்கம்தான் என்று முடிவு செய்துகொண்டேன். வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் அப்பா தன் சட்டையை முகர்ந்து பார்ப்பார் என்று தோன்றியது.

நான்காம் வகுப்பு அரைப்பரீட்சை விடுமுறைக்குப் பிறகு, மாசி மாதத்தில், முத்துலட்சுமி சேர்ந்தாள். வெம்பக்கோட்டைப் பக்கமிருந்து குடிவந்தவர்கள். அவள் அம்மா பட்டாசுக் கம்பெனிக்கு வேனில் போய் வருவார். கழுவினாலும் போகாத வெடிமருந்துப் பொடி அவர் கையில் இருக்கும். அந்தக் கை பின்னிவிட்ட சடையில் வெள்ளி மினுக்கம் தெரியும். எங்கள் வகுப்புக்கு அது போதாதா? அவள் எழுந்து நின்றால் எல்லோரும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்கள். "தள்ளி உக்காருலே, வெடிச்சிரும்!"

மூன்றாவது நாளே டீச்சர் பார்த்துவிட்டார். கணக்குப் பாடத்தை நிறுத்தினார். பெஞ்சு பெஞ்சாக வந்து, காதில் இருந்த கைகளைத் தன் கையாலேயே இறக்கிவிட்டார். அடிக்கவில்லை. "முத்துலட்சுமி இப்ப வாய்ப்பாடு சொல்லப்போறா. எல்லாரும் கேளுங்க" என்றார். ஒரு வாரம் அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் மதியச் சாப்பாடு சாப்பிட்டார். தினமும் ஒரு பிள்ளையை அவர்களோடு உட்கார அழைத்தார். வெள்ளிக்கிழமைக்குள் காது பொத்துவது நின்றுபோயிற்று.

சன்னலோரத்திலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு இரண்டு வருடம், அவளுக்கு மூன்று நாள். டீச்சர் தன் டப்பாவிலிருந்து அவளுக்கு அவித்த முட்டையில் பாதியைக் கொடுத்தபோது வயிறு எரிந்தது. முட்டைக்காக இல்லை என்று சொன்னால் நம்புங்கள். கொஞ்சம் முட்டைக்காகவும்தான்.

அடுத்த திங்கட்கிழமை அவள் தண்ணீர் குடிக்க என்னைக் கடந்து போனாள். நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு "டமார்!" என்று கத்தினேன். யாரும் சிரிக்கவில்லை. வகுப்பே என்னைத் திரும்பிப் பார்த்தது. டீச்சர் என் கையைப் பிடித்து வராந்தாவுக்குக் கூட்டிப்போனார்.

"ஏலே, நீயா? நீ அப்பிடிப்பட்ட பிள்ள இல்லயே?"

"என்னப் பாத்துத் தும்முனப்ப நீங்க ஒண்ணுமே சொல்லலயே டீச்சர்."

"யாருலே தும்முனா?"

"எல்லாரும்தான். தெனமும்."

"அது வத்தல் நெடிக்கு வர்ற தும்மலுலே. இந்த ஊர்ல தும்மாத ஆளு யாரு இருக்கா?"

"பொய்த் தும்மல் டீச்சர். நான் வராத அன்னைக்கு ஒருத்தனும் தும்ம மாட்டான். வேணும்னா கேட்டுப் பாருங்க."

ஊரைப் பற்றி அவர் சொன்னதும் உண்மைதான், எங்கள் ஊரில் மாசி மாதம் புது வத்தல் வரத்து தொடங்கினால் கோவிலில், பஸ்ஸில், சர்ச்சில் எல்லோரும் தும்முவார்கள். தும்மலை யார் சந்தேகப்படுவார்கள்?

"நெடி உனக்கும் சேராதேன்னுதான் சன்னல்கிட்ட உக்கார வச்சேன். காத்தாடுமேன்னு."

"நாத்தம்னு ஒதுக்கி வச்சீகன்னு நெனச்சேன்."

டீச்சர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "என் தப்புதான்லே" என்றார். பெரியவர் ஒருவர் என்னிடம் அப்படிச் சொன்னது அதுவே முதல் தடவை. பிறகு, "அது என் தப்பு. இப்ப நீ செஞ்சது உன் தப்பு. வா" என்றார்.

முத்துலட்சுமியிடம் மன்னிப்புக் கேட்டேன். "வெடின்னு வேணா சொல்லிக்க, போ. காதப் பொத்துனா நான் பேசுறது உனக்கு எப்பிடிக் கேக்கும்?" என்றாள்.

மறுநாள் நான் உள்ளே நுழைந்ததும் முதல் வரிசை தும்மியது. டீச்சர் சாக்பீஸை வைத்துவிட்டு அவன் எதிரே போய் நின்று, அவன் முகத்தையே பார்த்தார். "இன்னொரு தடவ தும்மு. மருந்து வேணுமான்னு பாப்போம்." அவனுக்கு வரவில்லை. இரண்டாம் வரிசைக்கும் வரவில்லை. நான் சன்னலை விட்டு நடு பெஞ்சுக்கு மாறினேன். அந்தக் கோடை விடுமுறையில் டீச்சருக்கு மல்லாங்கிணற்றுக்கு மாற்றல் வந்துவிட்டது. எனக்குக் கிடைத்தது மிஞ்சிப்போனால் இரண்டு மாதம்.

அந்தப் பள்ளி இப்போது இல்லை. பிள்ளைகள் குறைந்து மூடி, கட்டடத்தையும் இடித்துவிட்டார்கள். அந்த மாசி மாதத் தேதிகளைச் சரிபார்க்க வருகைப் பதிவேட்டைத் தேடிப் போனேன், பழைய பேப்பருக்குப் போயிருந்தது. வத்தல் குளிர்பதனக் கிடங்குக்குள் போனபின் தெருவில் யாரும் தும்முவதில்லை. எஸ்தர் டீச்சரும் காலமாகிவிட்டார். நான் அறிந்தது மூன்று வருடம் கழித்து.

சென்ற ஆவணியில் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் சொந்த ஊர் மல்லாங்கிணறு என்றார். எஸ்தர் டீச்சரிடம் படித்தவராம். "வகுப்புல ஒருத்தன் தும்மிறப்படாது சார். எந்திரிச்சு வந்து மூஞ்சிய உத்துப் பாப்பாக, நெசமா பொய்யான்னு. ரிட்டயர் ஆகுற வரைக்கும் அந்தப் பழக்கம் போகல. ஏன்னு இன்னைக்கு வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது" என்று சிரித்தார். எத்தனை வருடம் என்று கேட்டேன். ஒன்று முதல் ஐந்து வரை, முழுதாக அவரிடமேதான் என்றார்.

காரணம் தெரிந்த ஒரே ஆளான நான் அவருக்குப் பக்கத்து இலையில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். சொல்லியிருக்கலாம். டீச்சரின் கவனிப்பை ஐந்து வருடம் அனுபவித்தவருக்கு அந்தக் காரணத்தையும் கொடுக்க மனம் வரவில்லை.