காய்ந்த தரையில் சுருட்டிய பேன்ட்

சிதம்பரத்தில் ஆனித் தேர் பார்க்கப் போன கையோடு மனையும் பார்க்கப் போனோம். கடலூரில் நாங்கள் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். மனைக்குக் கொடுக்க எடுத்துவந்த அட்வான்ஸ் பணம் இருந்த கைப்பையை மனைவி மார்போடு அணைத்துக்கொண்டே வந்தாள். கூட்டிப்போன புரோக்கருக்கு ஐம்பது வயதிருக்கும். நெற்றி நிறைய விபூதி, சட்டைப் பையில் இரண்டு செல்போன், இஸ்திரி கலையாத வெள்ளை பேன்ட்.

கீரப்பாளையம் ரோட்டோரம், வயலாக இருந்த இடத்தில் மனைக்கல் நட்டிருந்தார்கள். தரை வெடித்துக் கிடந்தது.

"மழைக்குத் தண்ணி நிக்குமா?" என்று கேட்டேன்.

"சொட்டு நிக்காது சார். மார்கழி தரிசனத்துக்குள்ள ரேட்டு ஜாஸ்தியாயிடும். இன்னிக்கே முடிச்சிடுங்க."

சொல்லிக்கொண்டே குனிந்து, பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டினார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ரோட்டைவிட்டு இறங்கினார்.

"காஞ்ச தரைதானே, எதுக்குங்க சுருட்டுறீங்க?" என்றாள் மனைவி.

அவர் தன் காலையே பார்த்தார். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"பழக்கம் மேடம்."

ஆனாலும் பேன்ட்டை இறக்கிவிடவில்லை. தண்ணீருக்குள் நடப்பவர்போல மெல்லக் கால் ஊன்றி, மனை முழுக்க நடந்து காட்டினார்.

யோசித்துச் சொல்கிறோம் என்றோம்.

"யோசிச்சே சொல்லுங்க சார்" என்றார். குரலில் பழைய அவசரம் இல்லை. ரோட்டுக்கு ஏறியதும் பேன்ட்டை இறக்கிவிட்டு, காலை இரண்டு தடவை உதறினார். புழுதிதான் பறந்தது.

தன்னை மறந்து செய்தாரா, எங்களுக்குக் காட்டத்தான் அப்படி நடந்தாரா? எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். பிடிபடவில்லை.