பூசாத மேல்மாடி

கட்டுகஸ்தோட்டையில் நாங்கள் குடியிருந்த அறையின் வீட்டுக்காரர் ஒரு சனிக்கிழமை காலையில் வந்து கதவைத் தட்டினார். கொரியாவில் வேலை செய்யும் மகன் திரும்பி வருகிறான், அறை இனி தங்களுக்கு வேண்டும் என்றார். நல்ல மனிதர். சொல்லும்போதே அவருடைய முகம் வாடிவிட்டது. "இரண்டு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள் நங்கி" என்று தங்கையிடம் பேசுவதுபோலச் சிங்களத்தில் சொல்லிவிட்டு அவசரமாகப் படியிறங்கிப் போனார்.

என் கணவர் தலையில் கைவைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். எனக்கோ உள்ளே குபுக்கென்று ஒரு சந்தோஷம். அதை வெளியே காட்டவும் முடியவில்லை.

அது ஒரே அறை. கட்டிலின் கால்மாட்டில்தான் காஸ் அடுப்பு. கருவாடு பொரித்தால் தலையணை மணக்கும். கழிவறைக்கு இன்னும் இரண்டு குடும்பங்களோடு வரிசையில் நிற்கவேண்டும். வேறு இடம் பார்ப்போம் என்று நான் சொல்லும்போதெல்லாம் அவர், "இத விட வாடகை கொறஞ்ச எடம் கண்டியில எங்க இருக்கு?" என்று கேட்டு என் வாயை அடைத்துவிடுவார். அவர் சொல்வது பொய்யில்லை. நான் டவுனில் ஒரு புடவைக் கடையில் விற்பனைப் பெண்ணாக நிற்கிறேன். அவர் மேசன் வேலை, வேலை இருக்கும் நாளில் மட்டும் கூலி. எங்கள் மகளுக்கு அப்போது நான்கு வயது. இந்தக் கணக்குக்குள் அந்த அறைதான் அடங்கும். ஆனால் இப்போது போகத்தானே வேண்டும்! போகச் சொல்லிவிட்டார்களே!

"ஏங்க, இந்தத் தடவ ஜன்னல் உள்ள வீடா பாப்போம்" என்றேன்.

"மொதல்ல கூரை உள்ள வீடா கெடைக்கட்டும்" என்றார் அவர்.

அன்றிலிருந்து நான் வீடு தேடும் பைத்தியமாகிவிட்டேன். பஸ்ஸில் போகும்போது கண் விளக்குக் கம்பங்களில்தான் இருக்கும். வாடகைக்கு என்று எந்த மொழியில் ஒட்டியிருந்தாலும் இறங்கிவிடத் தோன்றும். கடையில் சாப்பாட்டு நேரத்தில் ஒரு கையில் சோற்றுப் பார்சல், மறுகையில் போன். பிலிமத்தலாவையில் ஒரு வீடு பார்த்தோம். வாசலில் கொய்யா மரம், உள்ளே தனிச் சமையலறை. மகள் ஓடிப்போய் ஒரு மூலையைக் காட்டி "இது எனக்கு" என்றுகூடச் சொல்லிவிட்டாள். வீட்டுக்காரர் ஒரு வருஷ வாடகையை அட்வான்ஸாகக் கேட்டார். திரும்பி வரும் பஸ்ஸில் மகள் அந்த மூலையைப் பற்றியே கேட்டுக்கொண்டு வந்தாள்.

கெலிஓயாவில் ஓர் அம்மா தேத்தண்ணி எல்லாம் ஊற்றிக் கொடுத்து, சொந்த ஊர் எது என்று கேட்டார். புசல்லாவை என்றேன்.

"டவுனா, தோட்டமா?"

"தோட்டம்தாங்க."

"அப்படியா... வீட்டுல பேசிட்டு சொல்றேன்" என்றார். சொல்லவே இல்லை. நான் இரண்டு முறை போன் செய்தேன். மூன்றாவது முறை செய்யவில்லை. தேயிலைத் தோட்டத்தில் நான் பிறந்த லயத்து வரிசை வீட்டைப் பற்றி எனக்கு ஒரு கூச்சமும் கிடையாது. அன்றைக்கு மட்டும் டவுன் என்று சொல்லியிருக்கலாமோ என்று தோன்றியது.

கடையில் என்னோடு நிற்கும் தோழி மடவளைக்காரி. ஒருநாள் காலையில் வந்ததும் என் கையைப் பிடித்து இழுத்தாள். "எங்கட ரோட்டுல ஒரு வீட்டோட ஒட்டின அனெக்ஸ் காலியாகுது. சின்னது, ஆனா தனி பாத்ரூம் ஈக்கி. இன்னும் ஒருத்தருக்கும் தெரியாது. இண்டைக்கே போய்ப் பாருங்க!"

முதலாளியிடம் அரைநாள் லீவு கேட்டேன். என்ன காரணம் என்றார். "வீடு!" என்றேன். நான் கத்தியதில் சேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் திரும்பிப் பார்த்தார். முதலாளி சிரித்துக்கொண்டே போகச் சொன்னார். கணவருக்குப் போன் செய்து, பாலர் பாடசாலையிலிருந்து மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் பிடித்தேன். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் வாகனங்கள் நகரவில்லை. இறங்கி ஓடினால் முந்திவிடலாம் போலிருந்தது. வேலைத்தளத்திலிருந்து சீமெந்துத் தூசியோடு வந்த கணவர் அங்கே ஏறிக்கொண்டார்.

போய்ச் சேர்ந்தபோது அனெக்ஸ் வாசலில் இளம் தம்பதியொன்று மெத்தையை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தது. மெத்தை வாசலில் சிக்கியிருந்தது. என் கணவர் என்ன செய்தார் தெரியுமா? போய் ஒரு பக்கத்தைப் பிடித்துச் சரித்து உள்ளே விட்டுக்கொடுத்தார். அவர்கள் நன்றி சொன்னார்கள். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

அந்த நேரம் பார்த்து மழை கொட்டியது. எதிர்வீட்டு வாசல் கூரைக்குக் கீழே ஓடிப்போய் நின்றோம். கதவு திறந்தது. தலையில் முக்காடு போட்ட ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண் எட்டிப் பார்த்தார்.

"சின்னப் புள்ளயும் ஈக்குதே. நனையாம உள்ளுக்கு வாங்க."

கதிரைகளை இழுத்துப் போட்டார். மகளுக்கு ஒரு பிஸ்கட் கொடுத்தார். அனெக்ஸ் கை நழுவிய கதையைச் சொன்னேன். உச்சுக்கொட்டிக் கேட்டார். கணவனை இழந்தவர், தனியாக இருக்கிறார் என்று பேச்சில் தெரிந்தது. மழை மேலே எங்கேயோ தார்ப்பாயில் அறைவதுபோலச் சத்தம் கேட்டது.

"ராத்தா, மேல யாரு இருக்காங்க?" என்று கேட்டேன். கடைத்தோழிகளோடு பழகி அக்காவுக்கு அவர்கள் சொல்லும் ராத்தா என்ற சொல் எனக்கும் வாயில் வந்துவிட்டது.

"யாருமில்ல புள்ள. காத்தும் காகமும்தான். மகளுக்கெண்டு கட்டினது. அவ மாப்பிளயோட கட்டாருக்குப் போய்ட்டா. சாமான் வெல ஏறினத்தோட வேலயும் நிண்டு போச்சு."

மழை விட்டதும், சும்மா பார்க்கலாமா என்று கேட்டேன். வெளிப்பக்கமாக ஏறும் படிகள், கைப்பிடி இல்லை. மேலே மூன்று அறைகள். செங்கல் சுவர், பூச்சு இல்லை. கதவில்லை. ஜன்னல் இருக்கவேண்டிய இடங்களில் நீலத் தார்ப்பாய் படபடத்தது. ஒன்றை விலக்கினேன். கீழே வயல், அதற்கு அப்பால் பள்ளிவாசல், அதற்கும் மேலே மழை கழுவிய மலை. மகள் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு ஓடி, அங்கிருந்து மூன்றாவதற்கு ஓடி, "அம்மா, இங்கயும் ரூம் இருக்கு!" என்று கூவினாள்.

கணவர் விரல் முட்டியால் சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டே போனார். "நல்ல வேல" என்று முணுமுணுத்தார். "கூரையும் ஒழுகல. பூசுனா போதும்."

யோசிப்பதற்குள் வாய் திறந்துவிட்டது.

"ராத்தா, இத எங்களுக்கு வாடகைக்குத் தாங்க!"

அவர் சிரித்துவிட்டார். "இதயா? ஜன்னலுமில்ல, பைப்புமில்ல!"

"இவரு மேசன் பாஸ், கட்டுறதும் பூசுறதும்தான் தொழில். நீங்க சாமான் எடுத்துக் குடுங்க, வேலய நாங்க செய்றோம். கூலி வேணாம். அட்வான்ஸ் மட்டும் கேக்காதீங்க. வேல முடியிற வரைக்கும் வாடகையக் கொறச்சு எடுத்துக்குங்க."

கணவர் என் முழங்கையைக் கிள்ளினார். "ஏய், என்னா பேசுற நீ?"

"நீங்கதானே பூசுனா போதும்னீங்க!"

ராத்தா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "இது மகள்ட வீடு. அவக்கிட்ட கேக்கோணும்" என்றார். அப்போதே வீடியோ அழைப்பு எடுத்தார்.

திரையில் ஓர் இளம்பெண் முகம் வந்தது. என்னைவிட இரண்டொரு வயது குறைவாக இருக்கலாம். தாய் விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவளுடைய புருவம் ஏறிக்கொண்டே போனது. சரி, இதுவும் போயிற்று என்று நினைத்தேன்.

"உம்மா, போனத் திருப்புங்க. வீட்டக் காட்டுங்க" என்றாள்.

ராத்தாவுக்குக் கேமராவைத் திருப்பத் தெரியவில்லை. நான் வாங்கித் திருப்பி அறை அறையாகக் காட்டினேன். அவள் இரண்டாம் முறையும் காட்டச் சொன்னாள். தன் வீடு கல்லாக நிற்பதைப் பார்க்க அவளுக்கு எப்படி இருந்ததோ. பிறகு, "பாஸ் எங்க? பாஸுக்கிட்ட குடுங்க" என்றாள்.

என் கணவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. தயங்கித்தான் போனை வாங்கினார். "இந்தச் சமையலறை ஜன்னல் சின்னதா இருக்குங்க, கொஞ்சம் அகலப்படுத்தினா வயக்காத்து வரும்" என்று ஆரம்பித்தார். அவள் அலுமாரி எங்கே வரும் என்று கேட்டாள். இவர் சுவரில் கரிக்கட்டியால் கோடு போட்டுக் காட்டினார். ஜன்னல், ஸிங்க், படிக்குக் கைப்பிடி என்று இரண்டு பேரும் மாறி மாறிப் பேசியதைக் கேட்டு ராத்தா என் காதருகே, "நாங்க ரெண்டு பேரும் இங்க ஈக்கிறத மறந்துட்டாங்க" என்றார்.

கடைசியில் ராத்தாவின் மகள் சொன்னாள்: "சரி உம்மா, குடுங்க. ஆனா ஒண்டு. ஒவ்வொரு வெள்ளிக்கெழமையும் எனக்கு வேலயக் காட்டோணும். பேந்து நான் லீவுக்கு வந்தா ஒரு ரூம் எனக்கு."

படியிறங்கும்போது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கைப்பிடி இல்லாத படி என்று கணவர்தான் பிடித்துக்கொண்டார்.

அடுத்த வாரம் லோயரிடம் போய் வாடகை எக்ரிமன்ட் எழுதிக் கையெழுத்து வைத்தோம். இடித்த வீடுகளின் கதவு, ஜன்னல் விற்கும் ஓரிடத்தில் ராத்தா பழைய தேக்கு ஜன்னல்கள் எடுத்தார். பேரம் பேசியது நான். பகலில் வேறு யாருடைய வீட்டையோ கட்டிவிட்டு வந்து, மிச்சமிருக்கும் வெளிச்சத்தில் என் கணவர் இங்கே பூசினார். ஞாயிறு, பௌர்ணமிக்கு வரும் போயா விடுமுறை நாட்களில் நானும் போய் மணல் சலித்தேன், சாந்து குழைத்தேன். கடைத்தோழி மாசிச் சம்பலும் ரொட்டியும் கொண்டுவந்து, தானும் ஒரு சட்டி சாந்து தூக்கினாள். குழாயில் முதன்முதலாகத் தண்ணீர் வந்த அன்று, துருவும் மண்ணுமாக அது சீறியதைப் பார்த்து நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். வெள்ளிக்கிழமைகளில் கட்டாரிலிருந்து அழைப்பு வந்தால் என் மகள்தான் போனைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள். "ஆன்ட்டி, இந்தச் சுவரு இன்னும் ஈரம், தொடாதீங்க!"

இரண்டு மாதம் முடிந்தபோது இரண்டு அறைகள்தான் தயாராகியிருந்தன. அதனால் என்ன? ஒரு சின்ன லொறியில் எல்லாச் சாமானும் அடங்கிவிட்டது. கட்டுகஸ்தோட்டை வீட்டுக்காரரே கட்டிலின் ஒரு பக்கத்தைத் தூக்கிவிட்டார். மடவளையில் இறங்கியதும் ராத்தா கோழிக்கறியோடு காத்திருந்தார். அன்று நான் அடுப்பைச் சமையலறையில் வைத்துப் பற்றவைத்தேன். பால் பொங்கும்போது படுக்கையறைக்குப் போய் மூக்கை உறிஞ்சிப் பார்த்தேன். புதுச் சுண்ணாம்பு வாசம் மட்டும்தான்!

மறு வருஷம் ராத்தாவின் மகள் லீவில் வந்தாள். மூன்றாவது அறையை அவளுக்காகவே முடித்து வைத்திருந்தோம். ஆனாலும் அவள் வரும் வாரம் எனக்குத் தூக்கம் சரியாக இல்லை. வேலை முடிந்துவிட்டது, வீடு அழகாகிவிட்டது, இனி உங்களுக்கு எதற்கு என்று அவள் கேட்டால்? பெட்டியைக் கீழே வைத்த கையோடு அவள் செருப்பைக் கழற்றிவிட்டு மேலே ஓடினாள். சுவரைத் தடவினாள். சமையலறை ஜன்னலைத் திறந்து மூடி, மறுபடி திறந்தாள். அங்கேயே நின்று அழுதாள். பிறகு என்னைக் கட்டிப்பிடித்தாள்.

"போன்ல பாத்தத்த விட வடிவா ஈக்கி" என்றாள். "நாங்க வர இன்னும் நாலஞ்சு வருஷம் ஆகும். அதுவர எக்ரிமன்ட்ட நீட்டிப் போடுவோமா?"

நான் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் நின்ற என் கணவர்தான், வழக்கத்துக்கு மாறாக முந்திக்கொண்டு, "நாளைக்கே போடுவோங்க!" என்றார்.