தேசிக்காய் வைத்த ரயர்

கார்க் கதவைத் திறந்து இறங்கிக் குனிந்து பார்த்தேன். முன் சில்லுக்குக் கீழே ஒரு சப்பாத்துக் கிடந்தது. சிவப்பு. பனிக்குப் போடுகிற பெரிய சப்பாத்து. என் மகளுடையது. அவளுக்கு அப்போது ஏழு வயது.

சப்பாத்தைப் பார்த்தேன். பிள்ளையைத் தேடிப் பார்க்கவில்லை. கழுத்துத் திரும்பவில்லை.

நான் அதிகம் படித்தவன் இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நோர்வேக்கு வந்த புதிதில் பாட்ஸ்பியோர்ட்டில் மீன் தொழிற்சாலையில் வேலை. வடக்குக் கரை. அங்கே காருக்குப் போடுகிற குளிர்கால ரயர் என்றால் ஆணி ரயர்தான். ரப்பருக்குள் சின்னச் சின்ன இரும்பு ஆணி பதித்திருக்கும். பனிக்கட்டியைக் கொத்திப் பிடிக்கும். எந்த ரயர் நல்லது என்று அங்கே யாரும் யோசித்ததில்லை. நானும் யோசிக்கப் பழகவில்லை.

பிறகு ஒஸ்லோ. பியோர்ண்டாலில் அடுக்குமாடி வீடு. பல வருடம் பஸ்தான். அதன் பிறகு நகரத்துக்கு வெளியே லோறென்ஸ்கூக்கில் ஒரு வீடு வாங்கினோம். சரிவின் உச்சியில் வீடு. சரிவின் அடியில் தெருவுக்கே பொதுவாக ஒரு மரச்சட்டம். அதில் எல்லா வீட்டுத் தபால் பெட்டியும் வரிசையாகத் தொங்கும். அந்த இடத்தில் தெரு வளையும்.

மனைவிக்கு முதியோர் இல்லத்தில் வேலை. காலை ஏழு மணிக்கு நிற்க வேண்டும். ஞாயிறு அந்த நேரத்துக்குப் பஸ் இல்லை. அதனால் கார் ஓட்டப் பழகினாள். அந்த வருடம்தான் லைசென்ஸ் எடுத்தாள். இங்கே லைசென்ஸ் எடுக்க வழுக்கல் பயிற்சி கட்டாயம். வழுக்குகிற திடலில் காரை விட்டு பிறேக் போடச் சொல்வார்கள். போய் வந்து இரண்டு நாள் அதையே கதைத்தாள்.

"பிறேக்கிலை காலை வைச்சும் கார் தன்ரை பாட்டுக்குப் போகுதப்பா. நெஞ்சு காய்ஞ்சு போச்சு. எங்களுக்கு ஆணி ரயர்தான் வேணும்."

"ஃபோர் வீல் எடுப்பம். நாலு சில்லும் இழுக்கும். பயமில்லை" என்றேன்.

எடுத்தேன். பழையதுதான், ஆனால் நல்ல வாகனம். அவளுக்காக எடுத்தது. அந்தச் சரிவில் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு அவள்தான் தினமும் இறங்கப் போகிறாள்.

ஐப்பசியில் புது வீட்டில் பால் காய்ச்சிக் குடிபூரல். ஜேர்மனியிலிருந்து அவளுடைய தமையன் வந்தார். காரின் பின் சீற்றை மடித்து நான்கு குளிர்கால ரயர் கொண்டு வந்திருந்தார். புதியவை. என்ன அளவு என்று முன்பே தொலைபேசியில் கேட்டிருந்தார். ஏன் கேட்கிறார் என்று அப்போது விளங்கவில்லை.

"தங்கச்சியின்ரை முதல் காருக்கு நான் குடுக்கிறது. வேண்டாமெண்டு சொல்லாதையும் மச்சான்."

யார் சொல்வார்? அடுத்த நாளே ரயர் கடைக்குக் கொண்டு போனேன். கடைக்காரன் நோர்வேக்காரன். ரயரைப் பெருவிரலால் அமுக்கிப் பார்த்தான்.

"இது நல்ல ரயர். ஆனால் ஜேர்மனிக்கு. அங்கே ஈரமான ரோட்டுக்குச் செய்தது. இங்கேயுள்ள பனிக்கட்டிக்கு ரப்பர் மென்மையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆணி."

"என்னுடையது ஃபோர் வீல்" என்றேன்.

"புறப்பட உனக்கு நான்கு சில்லு இழுக்கும். மற்றவனுக்கு இரண்டு. நிற்கும்போது எல்லோருக்கும் நான்குதான். அதில் உனக்குக் கூடுதலாக ஒன்றும் இல்லை."

விற்கப் பார்க்கிறான் என்று நினைத்தேன். காரில் பூட்டு என்றேன். பூட்டினான்.

வீட்டு வாசலில் மச்சான் நான்கு ரயருக்கும் சந்தனம் பூசினார். நான்கு தேசிக்காய் வாங்கி வந்து சில்லுக்கு ஒன்றாக வைத்தார். மனைவி ஏறி மெதுவாக முன்னுக்கு விட்டாள். நான்கும் நசுங்கின. எல்லோரும் கை தட்டினோம். அவள் மட்டும் இறங்கி வந்து என் காதுக்குள் கேட்டாள்.

"கடைக்காரன் என்ன சொன்னவன்?"

"நல்ல ரயராம்."

அவன் அதையும் சொன்னான்தானே. மீதியை நான் சொல்லவில்லை. அவளும் பிறகு ஆணி என்று வாய் திறக்கவில்லை. தமையன் தந்தது.

மார்கழியில் பனி கொட்டியது. வண்டி சும்மா ஏறியது. பக்கத்து வீட்டுக் கார்கள் சரிவில் சுழன்று நின்றபோது நான் தாண்டிப் போனேன். எனக்குப் பெருமை. ஏறுவதை வைத்தே எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டேன். புதுப் பனியில் எந்த ரயரும் ஓரளவு பிடிக்கும் என்று பிறகுதான் தெரிந்தது.

ஒரு சனிக்கிழமை. முதல் நாள் மழை. இரவோடு உறைந்து தெரு கண்ணாடி மாதிரி இருந்தது. மறுநாள் மனைவிக்கு ஞாயிறு வேலை. பனியில் அவள் முதல் முறை தனியாகக் கார் ஓடப் போகிறாள். அதற்கு முன் பகலில் ஒருக்கால் ஓடிப் பார்க்கிறேன் என்றாள்.

"சரிவிலை நான் இறக்கித் தாறன். கீழை இருந்து நீர் ஓடும்" என்றேன்.

அவள் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்து போனாள். தபால் பெட்டிக்குப் பக்கத்தில் இருவரும் நின்றார்கள். பிள்ளை கை காட்டியது.

பாதிச் சரிவில் பிறேக்கைத் தொட்டேன். காலுக்குக் கீழே பிறேக் கடகடவென்று அடித்தது. கார் நிற்கவில்லை. முழுதாக மிதித்தேன். கடகட என்ற சத்தம் மட்டும்தான். வேகம் குறையவே இல்லை. ஸ்டியரிங்கைத் திருப்பினேன். சில்லு திரும்பியது, வண்டி திரும்பவில்லை. நேராக அவர்களை நோக்கிப் போனது.

பிள்ளை இன்னும் கை காட்டிக்கொண்டு நின்றது.

ஹோர்ன் அடிக்கத் தோன்றவில்லை. கத்தவும் தோன்றவில்லை. 'ஃபோர் வீல்' என்று மட்டும் மனதுக்குள் ஓடியது. வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதுதான் ஓடியது.

பிறகு மரம் முறிகிற சத்தம். பெட்டிகள் உருண்டன. கார் பனிக் குவியலில் குத்தி நின்றது. இறங்கினேன். சப்பாத்தைக் கண்டேன்.

எவ்வளவு நேரம் குனிந்து நின்றேன் என்று தெரியாது. பின்னாலிருந்து குரல் வந்தது.

"அப்பா, என்ரை சப்பாத்து."

பனிக் குவியலின் மேல் இருந்தாள். ஒரு காலில் மேஸ் மட்டும். மனைவி அவளைச் சட்டையோடு பிடித்துத் தூக்கி மேலே எறிந்திருக்கிறாள். சப்பாத்து உறைந்த சேற்றில் மாட்டிக் கழன்றுவிட்டது. மனைவி பக்கத்தில் முழங்காலில் இருந்தாள். என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பக்கத்து வீட்டுக் கிழவர் வந்தார். நோர்வேக்காரர். உடைந்த சட்டத்தைப் பார்த்தார்.

"இதை இடிப்பது மூன்றாவது தடவை. முதல் இரண்டும் நான்" என்றார்.

பிறகு குனிந்து ரயரை அமுக்கினார். தன் விரலைப் பார்த்தார். "கோடை ரயரா?"

"இல்லை. குளிர்கால ரயர்."

"கல்லாக இருக்கிறது."

நானும் அமுக்கினேன். கல்தான். ரயர் வெட்டுக்குள் ஒரு தேசிக்காய் விதை இன்னும் ஒட்டியிருந்தது. அதை நகத்தால் கிளறி எடுத்தேன். மனைவி எழும்பி வந்தாள்.

"கடைக்காரன் உண்மையிலை என்ன சொன்னவன்?"

சொன்னேன். முழுவதும். அவள் சப்பாத்தை இழுத்து எடுத்தாள். பிள்ளையின் காலில் மாட்டினாள். கையைப் பிடித்துக்கொண்டு மேலே நடந்து போனாள்.

மறுநாள் அவளைக் கிழவர் தன் காரில் வேலைக்குக் கொண்டுபோய் விட்டார். பின்னேரம் மச்சான் தொலைபேசி எடுத்தார்.

"ரயர் எப்பிடி மச்சான்?"

நல்லது என்று சொல்ல வாயெடுத்தேன். மனைவி கைபேசியைப் பறித்தாள்.

"அண்ணா, உங்கடை ரயராலை நேற்று என்ரை பிள்ளை இல்லாமல் போயிருப்பாள்."

தமையனோடு அவள் அப்படிக் கதைத்து நான் கேட்டதில்லை. மச்சான் மெதுவாகக் கேட்டார். எனக்கும் கேட்டது.

"நான் இஞ்சை அதிலைதானம்மா ஓடுறன். உங்கடை பனி வேறை பனியோ?"

"ஓம் அண்ணா. வேறை பனி."

"பிள்ளையைக் கதைக்கச் சொல்லு" என்றார். பிள்ளை அவருக்குச் சப்பாத்துக் கதையைச் சிரித்துச் சிரித்துச் சொன்னது. நான் வெளியே போய் நின்றேன்.

திங்கள் காலை ரயர் கடை. கடைக்காரன் முன் பக்கம் நெளிந்ததைப் பார்த்தான். இரண்டு ரயரை எடுத்து வைத்தான். ஒன்று மென்மையான ரப்பர், ஆணியில்லாதது. ஒஸ்லோக்காரர் கூடுதலாக அதைத்தான் போடுகிறார்கள் என்றான். ஆணி போட்டால் நகரத்துக்குள் ஓடத் தனிக் கட்டணம். மற்றது ஆணி.

"மனைவிதான் ஓடுவாள். பிள்ளையும் இருக்கும்" என்றேன். தெருவின் பெயரையும் சொன்னேன்.

"அந்தச் சரிவா? ஆணி" என்றான்.

"நான்குக்கும் போடு" என்றேன்.

கொண்டு வந்து வாசலில் விட்டேன். கார்த் திறப்பை அவளிடம் நீட்டினேன். தெரு இன்னும் கண்ணாடிதான். பிள்ளை பள்ளிக்கூடத்தில்.

"நீங்கள் கீழை போங்கோ" என்றாள்.

"எதுக்கு?"

"தபால் பெட்டியடியிலை நில்லுங்கோ. நாங்கள் நிண்ட இடத்திலை."

போனேன். கிழவர் சட்டத்தைக் கயிற்றால் கட்டி நிறுத்தியிருந்தார். பக்கத்தில் நின்றேன். மேலே கார் புறப்பட்டது. ஆணிகள் பனிக்கட்டியைக் கொத்துகிற சத்தம் கரகரவென்று வந்தது. கார் பெரிதாகியது. கண்ணாடிக்குப் பின்னால் அவள் முகம் தெரிந்தது. அவள் கண் என்னை விட்டு விலகவில்லை.

குவியலில் ஏறிவிடச் சொல்லிக் கால் துடித்தது. நான் ஏறவில்லை.

பாதிச் சரிவில் பிறேக் பிடித்தாள். கார் நின்றது. மறுபடி விட்டாள். மறுபடி பிடித்தாள். நின்றது. கடைசியில் எனக்கு மூன்று எட்டுத் தூரத்தில் வந்து நின்றது.

யன்னலை இறக்கினாள்.

"ஏறுங்கோ" என்றாள்.

ஏறத்தான் நினைத்தேன். ஆனால் குனிந்து, அன்று சப்பாத்துக் கிடந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் என்ஜினை நிறுத்தாமல் காத்துக்கொண்டிருந்தாள்.