சுவருக்கு வாங்கிய கரி

இந்த ஊரில் கரி வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் ஒரு கேள்வி கேட்பார். சமையலுக்கா, சூட்டுக்கா? கேமரன் மலைக்கு வந்த புதிதில், தானா ராத்தாவில் ஒரு சீனர் கடையில் இதை முதன்முதலாகக் கேட்டபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. "மாசாக்கா? பானாஸ்கா?" என்றார் கடை முதலாளி. எனக்கு அப்போது மலாயில் ஒரு சொல்கூடத் தெரியாது. கணவர் தமிழில் சொன்னார். "கரி வேற எதுக்காம்? பல்லு விளக்கவா? சமைக்கத்தான்னு சொல்லுங்க" என்றேன். அவர் என்ன சொன்னாரோ, கடைக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நீல மீன் படம் போட்ட மூட்டையை இழுத்து வைத்தார். பக்கத்தில் சிவப்பு வட்டம் போட்ட மூட்டைகளும் அடுக்கியிருந்தன. நான் அவற்றைத் திரும்பியும் பார்க்கவில்லை.

நான் இராமநாதபுரத்துக்காரி. எழுபதுகளின் நடுவில், கல்யாணமான கையோடு கப்பலேறி வந்தவள். எங்கள் பக்கம் வெயில் எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே நல்ல விறகு என்றால் சட்டென்று பற்ற வேண்டும், உலை கொதித்ததும் சட்டென்று ஓய வேண்டும். சோறு வடித்த கையோடு கங்கின் மேல் தண்ணீர் தெளித்து அணைத்துவிடுவோம். அணைந்த கரியை வெயிலில் காயவைத்தால் இஸ்திரிப் பெட்டிக்கு ஆகும். அடுப்பை அப்படியே கனியவிட்டு எழுந்தால் அவ்வளவுதான், "வீட்டுக்குள்ள மனுசன் இருக்கறதா வேணாமா?" என்று அம்மா தெருவுக்கே கேட்கும்படி கத்துவாள். கெட்டிக்காரப் பெண் என்ற பெயரை நான் இந்தத் தண்ணீர்ச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டுதான் வாங்கினேன்.

அதே கெட்டிக்காரத்தனத்தைத்தான் தேயிலைத் தோட்டத்து லயத்திலும் காட்டினேன். லயம் என்றால் ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகள். எங்கள் அடுப்பு பின்சுவரை ஒட்டியிருந்தது. அந்தச் சுவருக்கு மறுபக்கம் பின்வரிசை வீட்டின் படுக்கையறை. அங்கே கொழுந்து பறிக்கும் ராசம்மா அக்கா இருந்தார். நான் வந்த மூன்றாம் மாதம் அவருக்கு எட்டாம் மாதத்திலேயே பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பினார்கள். பார்க்கப் போனேன். துணிக்குள் ஒரு மூக்கும் இரண்டு கண்ணும் தெரிந்தன, அவ்வளவுதான். அக்கா என்னோடு நான்கு வார்த்தைக்கு மேல் பேசவில்லை. பிள்ளை பெற்ற அசதி என்று நினைத்துக்கொண்டேன்.

மழைக்காலம் தொடங்கியது. ஊரில் மழை வந்தால் கொண்டாட்டம். இங்கே மழை வந்தால் எலும்புக்குள் ஈரம் இறங்குகிறது. கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு நடுங்குவேன். ஆனாலும் சாயங்காலம் ஐந்தரைக்குச் சமையல் முடிந்ததும் செம்புத் தண்ணீரை எடுத்துக் கங்கில் ஊற்ற ஒருநாளும் தவறியதில்லை. குளிருக்கும் அடுப்புக்கும் சம்பந்தம் உண்டு என்றே என் புத்திக்கு எட்டவில்லை. கணவர் தேயிலைத் தொழிற்சாலையில், இலை காயவைக்கும் உலைப் பக்கம் வேலை செய்தார். வீட்டுக்கு வரும்போதே வெந்து போய் வருவார். அவருக்கு எந்த அடுப்பு எரிகிறது, எது அணைகிறது என்று என்ன தெரியும்!

ஒருநாள் நான் தண்ணீர் ஊற்றி, சொய்யென்று ஆவி எழும்பி அடங்குவதற்குள் வாசலில் ராசம்மா அக்கா நின்றார். பச்சை உடம்புக்காரி, மழையில் நனைந்துகொண்டு சுற்றி வந்திருக்கிறார்.

"ஏம்மா, எம்புள்ள மேல ஒனக்கு என்ன கோவம்?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "என்னக்கா சொல்றீங்க?"

"தெனமும் காதுல விழுதுலா. சொய்யின்னு அணைக்கிற. வேணும்னுதான செய்யிற? ஊர்நாட்டுக்காரிக்கு அவ்வளவு ஆங்காரமா?"

சத்தியமாக எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. என் முகத்தில் என்ன பார்த்தாரோ, கையைப் பிடித்துத் தன் வீட்டுக்கு இழுத்துப் போனார். படுக்கையறைச் சுவரில் என் உள்ளங்கையை எடுத்து வைத்தார். செங்கல் வெதுவெதுப்பாக இருந்தது. அந்த இடத்தை ஒட்டித் துணியை மெத்தென்று மடித்துப் போட்டுக் குழந்தையைக் கிடத்தியிருந்தார்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே என் கைக்கடியில் சூடு குறைந்தது.

"ஆஸ்பத்திரி நர்ஸ் மிஸ்ஸி என்ன சொல்லி அனுப்புனாங்க தெரியுமா? எடை ஏறுற வரைக்கும் புள்ளைய குளுர விடாதன்னாங்க. இந்த ரூம்புக்குள்ள கரிச்சட்டி வச்சா புள்ளைக்கு மூச்சு முட்டும். இந்தச் செவுரு ஒண்ணுதான் இருக்கு. ஒனக்கு முன்னாடி அந்த வீட்ல இருந்தவங்க அடுப்புக் கங்க சாம்பலால மூடி வச்சிட்டுதான் படுப்பாங்க. லயத்துல எல்லாரும் அப்படித்தான்."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதாக்கா?"

"கேட்டு வாங்குற சாமானா இது?" என்றவர் அழுதுவிட்டார். நானும் அழுதேன். குழந்தையின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது. இத்தனை நாள் செம்பும் கையுமாக நான் என்ன காரியம் செய்துகொண்டிருந்தேன் என்று அப்போதுதான் உறைத்தது.

மறுநாளிலிருந்து எனக்குக் கரிப் பைத்தியம் பிடித்தது. சுவருக்கு எது நல்லது என்று தெரிந்தாக வேண்டும். நீல மீன் மூட்டையை முதலில் சோதித்தேன். தீக்குச்சி காட்டியதும் பற்றுகிறது, படபடவென்று பொறி பறக்கிறது, ஒரு மணி நேரத்தில் வெறும் சாம்பல். அப்புறம் மரத்தூள் அடுப்பு. தகர டப்பாவின் நடுவில் போத்தலை நிறுத்தி, சுற்றிலும் மரத்தூளை இடித்துக் கெட்டித்து, போத்தலை உருவிவிட்டுப் பற்றவைக்க வேண்டும். வெயில் நாளில் அது ராஜா. மழை நாளில் தூள் ஈரம் குடித்து, புகை மண்டிக் கண்ணைக் கரித்தது. அதைக் கொல்லைப் பக்கம் வெந்நீருக்குத் தள்ளினேன். கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சி சும்மா கிடைக்கும், ஆனால் உடம்பில் சதை இல்லாத விறகு அது. பிடுங்கிப்போட்ட பழைய தேயிலை வேர் அப்படியில்லை. கோடாலிக்கு மசியாத பிடிவாதக்காரி, பிடித்துக்கொண்டால் விடாது.

கடைசியில் சிவப்பு வட்டத்துக்கு வந்தேன். அலையாத்தி மரத்தை எரித்த கரி அது, கடற்கரைப் பக்கமிருந்து லாரியில் ஏறி வருவது. ஒரு துண்டோடு இன்னொன்றைத் தட்டினால் கிணீரென்று ஓசை கேட்கும். பற்றவைக்கக் கை வலிக்க விசிற வேண்டும். பற்றிவிட்டால் விடியும் வரை தாங்கும். அடியில் தேயிலை வேர், மேலே சிவப்பு வட்டம், அதற்கு மேல் சாம்பல் போர்வை, ஜன்னலில் நாலு விரல் திறப்பு. புதிதாக மலைக்கு வருகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். இதற்கு மிஞ்சியது கிடையாது. காலையில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அக்கா இரண்டு தட்டுத் தட்டுவார். நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். நானும் இரண்டு தட்டுத் தட்டுவேன். கணவர் கேலி செய்வார். "எனக்கு ஆறிப்போன தேத்தண்ணி, செவுத்துக்கு மட்டும் சூடா!"

இதற்கிடையில் நானும் முழுகாமல் இருந்தேன். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று அம்மா கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டாள். ஏழாம் மாதம் கிளம்ப வேண்டும். அது தை மாதம், மலையில் குளிர் நடுக்கும் நேரம். குழந்தை இன்னும் மிஸ்ஸி சொன்ன எடையைத் தொடவில்லை. போகவா, இருக்கவா என்று தவித்தேன். ராசம்மா அக்கா ஒரே அதட்டுப் போட்டார். "பெத்தவ கூப்பிடுறா, போகாம? சாவியக் குடுத்துட்டுப் போலா. ஒன் அடுப்ப நான் பாத்துக்கறேன். ரெண்டு வீட்டுக்கு அடுப்பு மூட்டுனா தேஞ்சா போயிருவேன்?" சாவியைக் கொடுத்தேன். நான்கு மூட்டை சிவப்பு வட்டம் வாங்கிப் போட்டுவிட்டுப் பினாங்கில் கப்பலேறினேன்.

சித்திரையில் எனக்கு ஆண் குழந்தை பிறந்தது. மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்தது. பிள்ளைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. அவனை மடியில் போட்டுப் பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டிருந்தபோதுதான் கணவரின் கடிதம் வந்தது. தம்பி வாங்கி வாசித்தான். மழை இன்னும் விடவில்லையாம். அக்கா தினமும் சாயங்காலம் வந்து நம் அடுப்பை மூட்டிவிட்டுப் போகிறாராம். பாப்பா எடை ஏறிவிட்டாளாம், இனிப் பயமில்லை என்று மிஸ்ஸி சொல்லிவிட்டாராம். ஆனாலும் அடுப்பை விட அக்காவுக்கு மனம் வரவில்லையாம். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"ஏண்டி, புள்ள வேர்த்து வழியிறான், நீ எங்க விசிறுற?" என்றாள் அம்மா.

குனிந்து பார்த்தேன். விசிறி என் முழங்காலுக்குக் கீழே இறங்கி, ஒன்றுமில்லாத தரையைப் பார்த்து, கங்கு விசிறுகிற வேகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. வெட்கத்தோடு கையைத் தூக்கிப் பிள்ளையின் முகத்துக்கு நேரே பிடித்தேன். அவன் கண்ணை மூடி உறங்கத் தொடங்கினான். கொஞ்ச நேரத்தில் கை மறுபடியும் தானாகக் கீழே இறங்கியது.